படம் காட்டாத போர்வைக்குத் துணி வெட்டினேன்

கடையில் கொடுத்த சீட்டில் மொத்தமே ஏழு வரி. ஏ: பின்னணி, வெளிர், 3 கெஜம். பி: அடர், 1½ கெஜம். சி: நடுத்தரம், 1¼ கெஜம். டி: நடுத்தரத்தில் கொஞ்சம் வெளிர், ¾ கெஜம். ஈ: எடுப்பு, ½ கெஜம். சுற்றுப்பட்டிக்கு எந்தத் துணியானாலும் சரி, ⅝ கெஜம். முடிந்த அளவு 60க்கு 72 அங்குலம். படம் மட்டும் கிடையாது.

மிஸ்டரி குயில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் மர்மப் போர்வை என்றால் இதுதான். போர்வை கடைசியில் எப்படி இருக்கும் என்று வடிவமைத்தவருக்கு மட்டும் தெரியும். நமக்கு முதலில் துணிக் கணக்கு வரும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு துப்பு. இந்தச் சதுரத்தை இத்தனை வெட்டு, அந்த முக்கோணத்தோடு சேர்த்துத் தை, எடுத்து வை. நட்சத்திரம் வருமா, கூடை வருமா, வெறும் கட்டம்தானா என்பதெல்லாம் ஆறாவது துப்பில்தான் தெரியும். நியூ ஜெர்ஸி குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்குக் கண்டுபிடித்த விளையாட்டு போல.

அத்தை (மாமியார்) ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். திண்டுக்கல்லில் முப்பது வருடம் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தவர். சீட்டைப் படித்துக் காட்டினேன்.

"முழுத் துணியை வெலை குடுத்து வாங்கி, துண்டு துண்டா வெட்டி, மறுபடி ஒட்டுப் போட்டு முழுத் துணி ஆக்கப் போறே. அதுவும் என்ன ஆகும்னே தெரியாம. அப்படித்தானே?"

"ஆமா அத்தை."

"சரி, எத்தனை கெஜம்னு சொல்லு." அமெரிக்காவில் இன்னும் கெஜமும் இஞ்சும்தான் என்பதில் அவருக்கு ஏக சந்தோஷம். ஊரில் மீட்டருக்கு மாறியதையே அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

துணி எடுப்பதில்தான் முதல் அடி வாங்கினேன். நிறத்தைப் பார்த்து எடுத்தேன். கருநீலம் பி, மயில்கழுத்து சி, மாம்பழ மஞ்சள் டி, அரக்கு ஈ, சின்னச் சின்னப் புள்ளி போட்ட பால் வெள்ளை ஏ. சாப்பாட்டு மேசையில் அடுக்கி வைத்தால் கண்ணைப் பறித்தது. காஞ்சிபுரம் கடையில் புடவை விரித்த மாதிரி. அத்தை தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். "மூணு துணிதான் இருக்கு" என்றார்.

போனில் ஒரு படம் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். அவர் சொன்னது சரி. மயில்கழுத்தும் அரக்கும் ஒரே சாம்பல். கருநீலமே அவற்றைவிட ஒரு மாற்று மட்டும்தான் கறுப்பு. பச்சையும் சிவப்பும் எதிரெதிர் நிறம் என்பதால் பளிச்சென்று பிரிந்து தெரிகிறது என்று நினைத்திருந்தேன். ஆனால் போர்வையின் கோலத்தைக் கண்ணுக்குக் காட்டுவது நிறம் கிடையாது, வெளிச்சமும் இருட்டும்தான். அடரும் நடுத்தரமும் ஒன்றாகிவிட்டால் நட்சத்திரத்தின் முனைகள் பின்னால் கரைந்துவிடும். படம் தெரிந்த போர்வை என்றால் எந்தத் துணி எதன் பக்கத்தில் வரும் என்று பார்த்துச் சமாளிக்கலாம். இங்கே எல்லாத் துணியும் எல்லாத் துணியின் பக்கத்திலும் உட்காரும் என்று வைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். சிவப்புக் கண்ணாடித் தாள் வழியாகப் பார்க்கிற பழக்கமும் குயில்ட் போடுகிறவர்களிடம் உண்டு. ஆனால் அதில் சிவப்புத் துணி தன் நிஜத்தைவிட வெளிராகத் தெரியும். அரக்கு வைத்திருப்பவருக்கு அது உதவாது. போன் போதும், அல்லது அத்தையின் கண் போதும்.

மயில்கழுத்து போய், அதைவிட நான்கு மாற்று வெளிரான ஆனந்தா புளூ வந்தது. இந்த ஊர்க் கடையில் அதற்கு வேறு ஏதோ பெயர் போட்டிருந்தார்கள். எனக்கு அது ஆனந்தா புளூதான். அரக்கை விட மனம் வரவில்லை. அரை கெஜம்தானே, எடுப்புக்குத்தானே என்று வைத்துக்கொண்டேன். கருநீலத்துக்கும் அரக்குக்கும் இடையில் சாம்பலில் பெரிய இடைவெளி இல்லை. தெரிந்தே எடுத்த ரிஸ்க்.

இன்னும் இரண்டு துணி மேசைவரை வந்து திரும்பிப் போயின. ஒன்று யானை வரிசை போட்ட பிரிண்ட். துப்பு எந்தத் திசையில் முக்கோணத்தைத் திருப்பும் என்று தெரியாதபோது யானை எடுக்கக் கூடாது, பாதி யானை தலைகீழாகத் தொங்கும். இன்னொன்று உள்ளங்கை அகலப் பூ. அதை 2½ அங்குலமாக வெட்டினால் ஒரு சதுரத்தில் முழுச் சிவப்பு, அடுத்ததில் வெறும் வெள்ளை, மூன்றாவதில் ஒரு காம்பு. ஒரே துணியே அடராகவும் வெளிராகவும் மாறி மாறி நடிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறமாகப் படுகிற பொடிப் பூவும் புள்ளியும்தான் இந்த விளையாட்டுக்கு நல்லது.

சென்னையிலிருந்து கொண்டு வந்த மெட்ராஸ் செக்ஸ் சட்டைத் துணி ஒன்றும் ஆசை காட்டியது. கட்டம் போட்ட துணியை நேர் இழையில் வெட்டாவிட்டால் கோணல் ஊருக்கே தெரியும் என்று ஒதுக்கினேன். அத்தை ஒதுக்கச் சொன்ன காரணம் வேறு: "சாயம் போகும்." இந்த நாட்டில் 1950களின் கடைசியில் மெட்ராஸ் செக்ஸ் சட்டைகள் சாயம் போகிறது என்று முதலில் சண்டை வந்து, பிறகு ஒவ்வொரு துவைப்புக்கும் நிறம் மாறுவதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். அதைச் சொன்னேன். "விக்கத் தெரிஞ்சவன் எதையும் விப்பான். வெள்ளைத் துணி பக்கத்துல வெச்சு தைக்கிறவ நீ" என்றார்.

ஆக, வெட்டும் முன் நனைப்பதா வேண்டாமா. குயில்ட் போடுகிறவர்களிடையே இது தீராத வழக்கு. நனைக்காத புதுத் துணி விறைப்பாக இருக்கும், வெட்ட வசதி. முடித்த பிறகு துவைத்தால் லேசாகச் சுருங்கி, பழைய போர்வை போல மேடு பள்ளமாகிவிடும். அதை விரும்புகிறவர்களும் உண்டு. நான் ஆனந்தா புளூவில் 10 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, வெந்நீரில் துவைத்து, டிரையரில் போட்டு எடுத்து அளந்தேன். பாவு வாக்கில், அதாவது நீள இழையில், 9¾. வெள்ளையைச் சோதித்தபோது அதே 10 அங்குலம் 9⅞ ஆனது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சுருங்கும் என்று தெரிந்துவிட்டது, எல்லாவற்றையும் நனைத்தேன்.

அரக்கு சரியாக வேலை காட்டியது. கிண்ணத்துத் தண்ணீர் ரோஸ் மில்க். அத்தை கல் உப்பு கேட்டார். உப்பு சாயம் ஏற்றும்போது சாயத்தை நூலுக்குள் தள்ள உதவும், ஏற்றி முடிந்த துணியில் ஒட்டாமல் நிற்கிற சாயத்தை அது பிடித்து நிறுத்தாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒரு கை உப்பைப் போட்டார். நான் வெந்நீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது தண்ணீர் தெளிவாக வந்தது. ஆளுக்கு ஒரு வெற்றி.

நனைத்த துணி கொழகொழவென்று ஆகிவிடும், அப்படியே வெட்டினால் ஸ்கேலுக்கு அடியில் நழுவும். இங்கே எல்லோரும் ஸ்பிரே ஸ்டார்ச் அடிப்பார்கள். நானும் ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தேன். அத்தை அதன் விலையைப் பார்த்துவிட்டு அரிசியைக் கழுவினார். குக்கரில் வைத்தால் வடிகஞ்சி கிடைக்காது. துணிக்காகவே பெரிய பாத்திரத்தில் சோறு வடித்தோம், இரண்டு நாள் பழையது சாப்பிட்டோம். கஞ்சியை இரண்டு தடவை வடிகட்டி, மோர்த் தண்ணி பதத்துக்கு நீர்க்க விட்டு, துணியை முக்கிப் பிழிந்து, பேஸ்மென்ட் கொடியில் உலர்த்தி, ஈரம் லேசாக இருக்கும்போதே இஸ்திரி. முதல் துணியில் கஞ்சி கெட்டி, இஸ்திரிப் பெட்டியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டது. நீர்க்க விட்டதும் சரியானது. காகிதம் மாதிரி நின்றது துணி. முக்கோணத்தின் சாய்வு ஓரம், ஜாக்கெட் பாஷையில் கிராஸ், இழுத்தால் ரப்பராக நீளுகிற இடம் அது. கஞ்சி போட்ட துணியில் அது அடங்கிக் கிடந்தது. ஒரு விஷயம்: கஞ்சித் துணியை மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் பூச்சி தேடி வரும். போர்வை முடிந்ததும் துவைத்துவிட வேண்டும்.

இனி வெட்டு. அத்தையின் பத்து அங்குலக் கத்தரி பெட்டியில் கூடவே வந்திருந்தது. சக்கரம் போல உருளும் பிளேடு வைத்த என் ரோட்டரி கட்டரைப் பார்த்து, "பீட்சா வெட்டுறதா?" என்றார். ஜப்பானின் ஓல்ஃபா 1979ல் கொண்டு வந்த சாமான் இது, அதற்கு முன்னால் இங்கேயும் அட்டை வைத்து வரைந்து கத்தரியால்தான் வெட்டினார்கள். நான்கு மடிப்பை ஒரே இழுப்பில் நேராக வெட்டிக் காட்டியதும் கத்தரியைப் பெட்டிக்குள் வைத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் பிளேடை மூடினேனா என்று பக்கத்தில் நின்று பார்ப்பார். அது நல்ல பழக்கம்.

அளவுக்கு எங்களுக்குள் ஒரு பாஷை உருவானது. மாமா தச்சர். அந்த வீட்டில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். குயில்ட் தையலுக்கு விடும் கால் அங்குலம் அவருக்கு ரெண்டு நூல். 2⅞ என்றால் "ரெண்டு இஞ்சு ஏழு நூல்". பின்னத்தில் தடுமாறிக்கொண்டிருந்த எனக்கு இது எவ்வளவு சுளுவாக இருந்தது என்று சொல்லி மாளாது.

முதல் துப்பு: ஏயிலும் பியிலும் 2⅞ அங்குலச் சதுரம் அறுபது அறுபது வெட்டி, மூலைக்கு மூலை பிளந்து, ஒரு வெள்ளை முக்கோணமும் ஒரு நீல முக்கோணமும் சேர்த்து 120 சதுரம் தைக்க வேண்டும். தைத்து முடிந்தபின் உள்ளே தெரிவது 2 அங்குலம். சாதாரணச் சதுரம் என்றால் பக்கத்துக்கு ரெண்டு நூலாக நான்கு நூல் கூட்டினால் போதும், 2½. முக்கோணத்துக்கு ஏன் ஏழு நூல்? சாய்வுப் பக்கத்திலும் தையலுக்கு ரெண்டு நூல் விட வேண்டும். அது குறுக்காக ஓடுவதால் நேர்ப் பக்கத்தில் கூடுதலாக இடம் பிடிக்கும். கணக்குப் போட்டால் 0.854 அங்குலம் வருகிறது, அதை அடுத்த நூலுக்கு ஏற்றினால் ⅞. முழு 3 அங்குலமாக வெட்டித் தைத்துவிட்டுப் பிறகு சீவிச் சரிசெய்வது இன்னொரு முறை. முக்கோணம் தைத்துப் பழகாதவர்கள் அதையே செய்யலாம். எனக்குத் துணி மிச்சம் பிடிக்கும் ஆசை.

நனைத்துக் காய்ந்த துணி கரையை விட்டு 41 அங்குல அகலம் இருந்தது. 2⅞ அங்குலப் பட்டையில் 14 சதுரம், ஐந்து பட்டை வெட்டினால் எழுபது. வெள்ளையில் தவறில்லாமல் வந்தது. நடுமடிப்பு கரைக்கு இணையாக இல்லாவிட்டால் பட்டையைப் பிரிக்கும்போது நடுவில் முழங்கை போல வளைந்திருக்கும். அதைத் தவிர்க்க மூன்று பட்டைக்கு ஒரு தடவை ஓரத்தைச் சதுரம் பார்த்துச் சீவினேன்.

கருநீலத்தை இரவு பதினோரு மணிக்கு எடுத்தேன். பகலில் எடுத்திருக்க வேண்டும்.

என் ஸ்கேல் 6½ அங்குல அகலம். அந்த அரை அங்குலம் ஒரு ஓரத்தில் தனிப் பத்தியாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேலைத் திருப்பிப் போட்டால் அது மற்றப் பக்கம் வந்துவிடும். இடக்கைப் பக்கமிருந்து வெட்டுவதற்காகத் திருப்பினேன், தடித்த கோடுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். முதல் தடித்த கோடு ஒரு அங்குலத்தில் இல்லை, அரையில் இருந்தது. நான்கு பட்டை வெட்டி முடித்து, ஐந்தாவதுக்கு முன்னால் எதற்கோ வெள்ளைச் சதுரத்தை எடுத்து மேலே வைத்தேன். நீலம் அரை அங்குலம் குறைவு. 2⅞க்குப் பதில் 2⅜.

படம் தெரிந்த போர்வை என்றால் இது ஒரு பெருமூச்சோடு போகும். எவ்வளவு தேவை, எவ்வளவு இருக்கிறது, கழித்தால் தெரிந்துவிடும். இங்கே கழிக்க எதுவும் கையில் இல்லை. நனைத்து ஓரம் சீவிய பின் நீலம் 51½ அங்குல நீளம் இருந்தது. நான்கு தப்புப் பட்டை 9½ அங்குலம் தின்றுவிட்டது. முதல் துப்புக்குச் சரியாக வெட்ட 14⅜. மிச்சம் 27⅝. அடுத்து எவ்வளவு கேட்பார்கள்? பதினைந்தா, முப்பதா? அன்று இரவு தூக்கம் வரவில்லை. துணி அளவு கொடுக்கிறவர்கள் தப்புக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கொடுப்பார்கள். எவ்வளவு கூடுதல் என்பதும் மர்மத்தில் சேர்த்தி.

காலையில் அத்தை தப்புப் பட்டைகளைப் பார்த்தார். திட்டவில்லை. விரலால் அகலம் அளந்தார். "சுத்துப்பட்டிக்கு எவ்வளவு அகலம் வெட்டுவே?"

2¼ முதல் 2½ வரை. இரட்டையாக மடித்து வைக்கும் பட்டிக்கு 2⅜ அச்சு அசல் பொருத்தம். 60க்கு 72 போர்வையைச் சுற்றிவர 264 அங்குலம், மூலைக்கும் முடிச்சுக்கும் பத்துப் பன்னிரண்டு கூட்டினால் ஏழு பட்டை போதும். நான்கு நீலம் இருக்கிறது, மூன்று அரக்கில் வெட்டினால் இரு நிறப் பட்டி. அரை கெஜ அரக்கில் மூன்று பட்டை போனால் எடுப்புக்குக் குறையுமே என்று நான் இழுக்க, சுற்றுப்பட்டிக்கென்று வாங்கிய சாம்பல் ⅝ கெஜம் அப்படியே கிடப்பதை அவர் எடுத்துக் காட்டினார். மூன்றும் அதிலிருந்து. சரி, பட்டி தீர்ந்தது. நீலக் குறை தீரவில்லை.

கடைக்குப் போனேன். அதே பெயர், அதே கருநீலம், வேறு துணிச் சுருளிலிருந்து அரை கெஜம். வீட்டில் ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தால் ஒரு பொடி ஊதா கலந்திருந்தது. சாயத்தொட்டி மாறியிருக்கும். தனியாக ஒரு இடத்தில் குவிந்தால் ஒட்டுப் போட்டது தெரியும். பழைய நீலத்தோடு மாறி மாறிக் கலந்து வைத்தால் கண் கண்டுகொள்ளாது. அதனால் இரண்டாம் துப்பு வந்தபோது, 2½ அங்குலத்தில் பி 96 சதுரம் என்று பார்த்ததும், நான்கு பட்டை பழையதிலும் இரண்டு பட்டை புதியதிலும் வெட்டினேன். பட்டைக்கு 16, ஆறு பட்டைக்குச் சரியாக 96. ஒன்றுகூட அதிகம் இல்லை. 41 அங்குல அகலத்தில் இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம்தான் சீவ முடிந்தது. முழு 40 அங்குலமும் கிடைக்காத துணியாக இருந்தால் ஏழாவது பட்டை போட வேண்டியிருக்கும். இதை எழுதி வைக்கிறேன், யாராவது அளவு கணக்குப் பார்க்கும்போது உதவும்.

தையலில் அத்தை சொன்ன ஒரு கணக்கை மட்டும் இங்கே சேர்க்கிறேன். வரிசைக்கு 16 சதுரம் என்றால் 15 தையல். தையல் அரை நூல் உள்ளே போனால் இரண்டு துணியிலும் அரை அரை, ஆக தையலுக்கு ஒரு நூல் போகும். பதினைந்து தையலுக்கு பதினைந்து நூல், ரெண்டு இஞ்சுக்கு ஒரு நூல்தான் குறைவு. அதனால் மூன்று 1½ அங்குலப் பட்டையைச் சேர்த்துத் தைத்து, நடுப் பட்டை சரியாக 1 அங்குலம் வருகிறதா என்று பார்த்தோம். முதல் தடவை ஏழு நூல்தான் வந்தது. மிஷினில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி எல்லை போட்டதும் எட்டாயிற்று.

வெட்டியதை எல்லாம் அடுக்கி வைக்கவும் அத்தை வழிதான். நான் ஜிப் வைத்த பைகளில் எண் போட்டேன். அவர், ஊரில் கஸ்டமர் ஜாக்கெட் பிட்டுகளைக் கட்டுவது போல, ஒவ்வொரு கட்டிலும் அதே துணியின் ஒரு பிசிறை வெளியே தெரியும்படி குத்திவைத்தார். பையைத் திறக்காமலே எது எந்த நீலம் என்று தெரிகிறது. எண்களை நான் இப்போது பார்ப்பதே இல்லை.

மூன்றாம் துப்பு சனிக்கிழமை வந்தது. சி, டி, வெள்ளை. கருநீலம் ஒரு துண்டுகூட இல்லை. புது நீலத்தில் 13 அங்குலமும் பழையதில் 17½ அங்குலமும் அலமாரியில் காத்திருக்கின்றன. பக்கத்தில் தனிப் பை ஒன்று, அத்தை கையெழுத்தில்: "தப்பு – 4. வெட்டாதே."